வெள்ளேரிக் கோயிலின் கோணல் பீடம்

வெள்ளேரிக் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சாமியாரைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆள் என்று நினைத்துத் தான் விரட்டிய கதையைச் செங்கம்மாள் கிரேஸிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். கிரேஸ் செங்கம்மாளின் காலனியிலேயே பிறந்து, பொன்னேரியில் படித்து, அங்கேயே டீச்சரானவள். அதிகம் பேசமாட்டாள், கேட்டுக்கொள்வாள். அதனாலேயே அவளிடம் சொல்வதில் செங்கம்மாளுக்கு ஒரு ருசி இருந்தது. சொல்லும் வரிசை ஒருநாளும் மாறாது.

செங்கம்மாள் வாசலில் உட்கார்ந்து மடவை மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தாளாம். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒருவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, தோல்பையோடு வந்து நின்றார். சின்னராசு இருக்கிறாரா என்று கேட்டார். சின்னராசு அவள் புருஷன். எண்ணூரில் மின்சார நிலையம் கட்டும் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். அவர் போகவில்லை. வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை என்று அடுத்த கேள்வியைப் போட்டார். அந்த மாதிரிக் கேள்வி கேட்டுக்கொண்டு தோல்பையோடு ஊர் ஊராக வருகிறவர்கள் யார் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். செங்கம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எத்தினி இருந்தா ஒனுக்கு இன்னா? எங்களுக்கு அந்தப் பேச்செல்லாம் வாணாம். நாங்க வேதக்காரங்க. எங்க சாமியாருக்குத் தெரிஞ்சா கோயில்ல வச்சு மானத்த வாங்கிடுவாரு."

"உங்க சாமியார் அவ்வளவு கோவக்காரரா?"

"கோவக்காரரோ இன்னாவோ, நான் இன்னாத்த கண்டேன். நல்ல மனுசன்னு சொல்லிக்கிறாங்க."

"நீங்க கோயிலுக்குப் போறதில்லையா?"

"ஒரு ஞாயித்துக்கெயம தவறுனதில்ல. ஊருக்குள்ள வேணா கேட்டுப் பாரு."

அந்த நேரம் பக்கத்து வீட்டு நாய் சைக்கிளைப் பார்த்துக் குரைத்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய வலது காது செங்கம்மாளுக்கு நேராக வந்தது. மடலில் மிளகு போல ஒரு மச்சம். ஆறு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்த காது. அவள் மீன் கையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னா சாமி நீங்க. மூஞ்சியக் காட்டினு நின்னா எனக்கு எப்பிடித் தெரியும்? காதக் காட்டியிருந்தா அப்பவே ஸ்தோத்திரம் சொல்லியிருப்பேனே."

கோயிலுக்காகக் குடும்பக் கணக்கு எழுத வந்திருந்த ஜெயராஜ் சாமியார் சிரித்து ஓய்ந்து, கவிழ்த்துப் போட்டிருந்த உரலின் மேல் உட்கார்ந்தார். பிறகு, காது என்றால் என்ன அர்த்தம் என்று நிதானமாகக் கேட்டார். அவள் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவர் சிரிக்கவில்லை.

அவள் சொன்னது புரிய வேண்டுமானால் வெள்ளேரிக் கோயில் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டும். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், ரயில் பாதையிலிருந்து வயல்களைத் தாண்டிப் போனால் சூசையப்பர் கோயில் வரும். பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர் கட்டியது. ஏரி மண்ணில் அறுத்துச் சுட்ட செங்கல். பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு, பக்கிங்காம் கால்வாயில் படகேறி வந்து, மீதித் தூரம் மாட்டு வண்டியில் வந்தது. சுவர் ஒரு ஆள் கைநீளக் கனம். கூர்முனை வளைவு வைத்த ஜன்னல்களில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. கிழக்கு வாசலுக்கு மேலே மணிக்கூண்டு. மேற்குக் கோடியில் பீடம். அதற்கு மேல் கூரையில் மட்டும் நீலச் சாயம் அடித்துப் பொன் நட்சத்திரங்கள் வரைந்திருந்தார்கள். பீடத்துக்குப் பின்னால் மாடத்தில் சூசையப்பர் லீலிப் பூவோடு கிழக்கே பார்த்து நின்றார். காலையில் வாசலைத் திறந்தால் வெயில் நேராக அவர் பாதத்தில் போய் விழும்.

இது நிலம் வைத்திருந்தவர்களின் கோயில். அவர்கள் வயலில் உழைத்த காலனி ஜனங்களும் வேதத்தில் சேர்ந்தபோது, இந்தக் கட்டடத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று ஆயிற்று. வாசலுக்கு வெளியே மழையில் நின்று பூசை கண்டார்கள். பிறகு வந்த இன்னொரு சாமியார் மனம் பொறுக்காமல், பீடம் இருக்கும் மூலையிலிருந்து வடக்கே ஒரு கை நீட்டிக் கட்ட வைத்தார். காலனி ஜனங்களே கட்டினார்கள். பனங்கைச் சட்டம், நாட்டு ஓடு, ஒரு படி தாழ்ந்த தரை, தனி வாசல். செங்கம்மாளின் அம்மா தாயாரம்மாள் சிறுமியாக அதற்கு மண் சுமந்தவள். இப்போது கோயிலை மேலிருந்து பார்த்தால் 'ட' எழுத்துப் போல இருக்கும். படுத்திருப்பது பெரிய கட்டு. நிமிர்ந்திருப்பது சின்னக் கட்டு. இரண்டும் சேரும் மூலையில் பீடம்.

சாமியார் பீடத்தைப் பார்த்து, ஜனங்களுக்கு முதுகு காட்டிப் பூசை வைத்த காலம் அது. பெரிய கட்டுக்காரர்கள் முதுகைக் கண்டார்கள். சின்னக் கட்டில் உட்கார்ந்தவர்களுக்கு வலது பக்கம் மட்டும் தெரிந்தது. பிரசங்கத்துக்கு அவர் திரும்பி நின்றால் பெரிய கட்டைத்தான் பார்ப்பார். மூலையில் தடித்த தூண் ஒன்று வேறு. ஒவ்வொரு சாமியாரையும் காலனியில் காதை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். மயிர்க்காது சாமியார், விசிறிக்காது சாமியார் என்று. ஜெயராஜ் சாமியார் மச்சக்காது சாமியார். அவருக்கு மட்டும் அது அன்றுவரை தெரியாது.

செங்கம்மாளுக்கு இதில் தனியாக ஒரு கஷ்டம் இருந்தது. அதை அவள் அன்று உரலில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லவில்லை. பதினைந்து வயதிலிருந்து அவள் பொன்னேரி ரைஸ் மில்லில் வேலை செய்தாள். மிஷின் பக்கத்திலேயே நின்று தவிடு அள்ளினாள். அந்த இரைச்சலில் இடது காது முழுசாகப் போயிற்று. வலது காதில் பாதிதான் மிச்சம். வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல், பேசுகிறவர் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். எதிரே நின்று பேசினால் ஒரு சொல் தவறாது. திரும்பி நின்று பேசினால் சுவரோடு பேசுவது போல. சின்னராசு ஒருத்தனுக்குத்தான் இது தெரியும். மற்றவர்கள் அவளைச் சத்தமாகப் பேசுகிறவள், முகத்தையே முறைத்துப் பார்க்கிறவள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு வாயாடி என்று பெயரும் இருந்தது. அவள் அதை மறுக்கவில்லை.

பூசை லத்தீனில் இருந்தவரை, பிரசங்கம் தவிர, கோயிலில் அவளுக்குக் குறையில்லை. காது கேட்டவர்களுக்கும் அதில் ஒன்றும் புரியவில்லை. மணி அடித்தால் முழந்தாளிட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழ வேண்டும். அந்தப் பொதுவான புரியாமையில் அவள் எல்லோருக்கும் சமமாக இருந்தாள்.

அறுபதுகளின் கடைசியில் பூசை தமிழுக்கு வந்தது. செபங்களுக்கு ஜனங்கள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். சின்னக் கட்டே வாய் திறந்து சொல்லிற்று. பக்கத்தில் உட்கார்ந்த கங்கம்மா பிரசங்கத்தைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வாரம் எதற்கோ எல்லோரும் சிரித்தார்கள். செங்கம்மாளும் சிரித்துவைத்தாள். வீட்டுக்குப் போய்ச் சாமியார் என்ன சொன்னார் என்று சின்னராசுவைக் கேட்டாள். அவனுக்குப் பாதி நினைவிருந்தது. அந்தப் பாதியிலும் பாதி அவனுடைய சொந்தச் சரக்கு.

அப்போதுதான் பீடத்தைத் திருப்பப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. இனிமேல் சாமியார் ஜனங்களைப் பார்த்து நின்று பூசை வைப்பாராம், ரோமாபுரியிலிருந்தே உத்தரவாம். செங்கம்மாளுக்கு அந்த வாரம் மில்லில் கால் தரையில் படவில்லை. சாமியார் முகம் தெரியும், முகம் தெரிந்தால் வாய் தெரியும், வாய் தெரிந்தால் போதும்.

பொன்னேரி ஆசாரி செய்த தேக்கு மேசை ஒன்றைப் பழைய பீடத்துக்கு முன்னால் போட்டார்கள். கல் பீடம் பிறகு கட்டிக்கொள்வதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை செங்கம்மாள் முதல் ஆளாக வந்து தூண் ஓரத்தில் இடம் பிடித்தாள். சாமியார் வந்தார். மேசைக்குப் பின்னால் போய், கிழக்கே பார்த்து, பெரிய கட்டுக்கு நேராக நின்றார்.

பூசை முடிந்து எல்லோரும் வெளியே நின்றபோது, சாமியார் சின்னக் கட்டு ஜனங்களிடம் வந்து புதுப் பூசை எப்படி இருந்தது என்று கேட்டார். செங்கம்மாள் பேசினாள்.

"நல்லாத்தான் கீது சாமி. இத்தினி வருசமா வலது காது. இப்ப எடது காது. அதுல மச்சம் கெடையாது."

ஜனங்கள் சிரித்தார்கள். சாமியார் அவளைத் தனியே அழைத்து, பெரிய கட்டில் வந்து உட்காரலாமே, இப்போது யாரும் தடுக்க முடியாதே என்றார். அவள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். எனக்குக் காது கேட்காது சாமி, உங்க வாயப் பாத்தாத்தான் புரியும் என்று அப்போதுதான் முதல் முறையாக வெளியாள் ஒருவரிடம் சொன்னாள். பிறகு சொன்னாள்: "நான் ஒருத்தி அங்க போலாம் சாமி. போனா விருந்தாளி மாதிரிக் குந்தணும். இது எங்கம்மா மண்ணு சொமந்த எடம். நான் இங்கதான் குந்துவேன். நீங்க கொஞ்சம் திரும்புங்க."

சாமியார் அடுத்த கோயில் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தார். மேசையைக் கொஞ்சம் வடகிழக்காகக் கோணலாகப் போட்டால் இரண்டு கட்டுக்கும் முகம் தெரியும் என்றார். கூட்டத்தில் பெரியவர் சௌரி நைனா. பெரிய கட்டின் முதல் வரிசையில் அவருக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. கோயிலுக்கு என்ன தேவையோ கேட்காமலே செய்வார். தேர் இழுக்கும்போது அவர் கையில் வடம் இல்லாவிட்டால் தேர் நகராது என்று நம்புகிறவர். கெட்டவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அவருக்கு நெஞ்சுவலி வரும்.

"பீடம்னா நேராத்தான் இருக்கணும் சாமி," என்றார். "கோணல் பீடத்துல பூச வச்சா ஊரே கோணலாப் பூடும். எங்க தாத்தா காலத்துலருந்து நேராக் கீது."

கூட்டம் அத்தோடு முடிந்தது. சாமியார் இதைச் செங்கம்மாளிடம் வந்து சொன்னபோது, அவள் சரி சாமி என்று மட்டும் சொன்னாளாம்.

சனிக்கிழமை தோறும் கோயிலைப் பெருக்கிக் கழுவுவது காலனிப் பெண்களின் முறை. கையில் துடைப்பம் இருந்தால் பெரிய கட்டு, பீடத்தடி, சூசையப்பர் மாடம் என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். செங்கம்மாள் மற்றவர்களின் முறையையும் தானே வாங்கிக்கொண்டாள். அவர்களுக்கு மெத்தச் சந்தோஷம். மில்லில் அரைநாளோடு வேலை முடிந்ததும் துடைப்பமும் வாளியுமாக வந்துவிடுவாள். பீடத்தடியைக் கழுவ வேண்டுமானால் மேசையை நகர்த்தத்தான் வேண்டும். நகர்த்திக் கழுவி, திரும்பவும் இடத்தில் வைப்பாள். வைக்கும்போது ஒரு காலை மட்டும் விரற்கடை தள்ளி வைப்பாள். மேசைக்கால் பட்ட தடம் காவித் தரையில் தெரியாதபடி தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பாள்.

வளர்பிறை நிலா மாதிரி, சாமியார் முகம் சின்னக் கட்டுப் பக்கம் வந்தது. முதலில் கன்னம். பிறகு மூக்கு நுனி. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய தபசு நோன்புக் காலம் தொடங்கியபோது வாயின் ஒரு ஓரம். மேசை எப்படிக் கிடக்கிறதோ அப்படித்தானே அதன் பின்னால் நிற்கிறவரும் நிற்க முடியும்.

ஒரு சனிக்கிழமை மெழுகுவர்த்தி எடுக்க வந்த சாமியார், அவள் மேசைக்காலுக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். அவர் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்று, அவளுக்கு வாய் தெரியும்படி நன்றாகத் திரும்பினார்.

"கோயில் சுத்தமா இருக்கும்மா. ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல பெருக்கிடாதே."

சௌரி நைனாவுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கிரேஸ் ஒருமுறை கேட்டாள். அதுதான் செங்கம்மாளுக்கு மிகப் பிடித்த பகுதி. நைனா வாரா வாரம் வந்து உட்கார்ந்ததும், சாமியார் தனக்கு நேராக இல்லையே என்று நாற்காலியை லேசாக நகர்த்திக்கொள்வார். மேசை நகர்ந்த அளவுக்கு நாற்காலியும் நகர்ந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பீடம் என்றைக்கும் நேர். உயிர்ப்பு ஞாயிறு வருவதற்குள் அவர் கிட்டத்தட்டச் சின்னக் கட்டின் படி ஓரத்துக்கே வந்துவிட்டார். கங்கம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். வெயில் காலத்தில் அந்த ஓரம் நல்ல குளுமை. நைனாவே அதை வாய்விட்டுச் சொன்னார்.

கல் பீடம் கட்டும் நாள் வந்தது. கொத்தனார் நாகமுத்து நூல் பிடித்துப் பார்த்தார். சுவருக்கும் மேசைக்கும் சேரவில்லை. மறுபடி பிடித்தார். செங்கம்மாள் அப்போது சின்னக் கட்டில் தூணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல் பதித்துவிட்டால் அப்புறம் எந்தத் தோளாலும் நகர்த்த முடியாது. அது அவளுக்குத் தெரியும். இத்தனை மாதம் தள்ளியது அன்று அரை மணி நேரத்தில் நேராகிவிடும்.

நாகமுத்து நைனாவிடம் போய், மேசை கோணலாகக் கிடக்கிறது, சுவரைப் பார்த்து நேராக்கிவிட்டுக் கட்டட்டுமா என்று கேட்டார்.

நைனா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"எங்கடா கோணல்? எனக்கு நேராத்தானே கீது."

"நூலு சொல்லுது நைனா."

"நூலு சொவத்தப் பாத்துச் சொல்லுது. சொவுரு கோணலா இருக்கும். வெள்ளக்காரன் கட்டுனது, அவன் இன்னாத்த கண்டான். மேச எப்பிடிக் கீதோ அப்பிடியே கட்டு. ஒரு நூலு மாத்தின, நான் சும்மா இருக்கமாட்டேன்."

நாகமுத்து சாமியாரைப் பார்த்தார். நைனா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார் சாமியார். செங்கம்மாள் நைனாவின் வாயையும் சாமியாரின் வாயையும் தூணோரத்திலிருந்து படித்துவிட்டு, துடைத்த தூணையே திரும்பத் துடைத்தாள்.

பீடத்தை மந்திரிக்க ஆயர், பிஷப் ஆண்டவர், வந்தார். இரண்டு கட்டுக்கும் சமமாகத் தெரியும்படி அழகாக யோசித்துக் கட்டியிருக்கிறீர்களே, யார் யோசனை என்று கேட்டார். நைனா முன்னால் வந்து, நான்தான் ஆண்டவரே, நேராக வைக்கச் சொன்னேன் என்றார். ஆயர் புரியாமல் தலையாட்டினார். தான் பிடிவாதமாகக் காப்பாற்றியது எதை என்று நைனாவுக்கு அதன் பிறகு என்றைக்கோ தெரிந்திருக்க வேண்டும். யாரிடமும் அவர் பேசவில்லை. நாற்காலியை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுபோகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுவதையும் செங்கம்மாள் பார்த்தாள். காணாமல் போன ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனின் கதை. அதைத் தன் வாழ்நாள் எல்லாம் படங்களில் பார்த்திருக்கிறாள். மேய்ப்பன் ஆட்டைக் கண்டுபிடித்ததும் அடிக்கவில்லை, தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தான் என்பது அன்றுதான் தெரியும் என்றாள். வீட்டுக்குப் போகும் வழியில் சின்னராசுவுக்கு அவள்தான் பிரசங்கத்தைச் சொன்னாள்.

சில வருஷம் கழித்து ரைஸ் மில்லை மூடிவிட்டார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் முளைத்தன. காலனியில் பாதிப்பேர் வயலை விட்டு ஷிப்டுக்குப் போனார்கள். செங்கம்மாளும் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு மட்டும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஜெயராஜ் சாமியார் மாற்றலாகிப் போனார். போகும் நாளில் காலனிக்கு வந்து அவள் கையால் மடவைக் குழம்பு சாப்பிட்டார். அவருக்குப் பின்னால் வந்த சாமியார் பெண்களும் பூசையில் வேத வாசகம் வாசிக்கலாம் என்றார். கிரேஸ் டீச்சரைக் கூப்பிட்டார். கோயில் திருவிழா மலருக்குக் கோயிலின் வரலாற்றைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதித் தரச் சொன்னதும் அவளிடம்தான்.

கிரேஸ் எழுதினாள். செங்கல், சுண்ணாம்பு, மணிக்கூண்டு, சின்னக் கட்டைக் கட்டியவர்கள் எல்லாம் எழுதினாள். பீடம் இரண்டு கட்டுக்கும் முகம் காட்டும்படி கோணலாக அமைந்தது என்று மட்டும் எழுதிவிட்டு, யார் பெயரை எழுதட்டும் என்று கேட்பதற்காகச் செங்கம்மாளிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினாள். செங்கம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்திருந்தாள். பேர் எதற்கு, நைனா இருக்கும்வரை அது நேர்ப் பீடமாகவே இருக்கட்டும் என்றாள்.

கிரேஸ் தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள். செங்கம்மாள் கீரை முறத்தை ஒதுக்கிவிட்டு, அவள் புடவை நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள். ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த ஒன்று என்றாள்.

"நீ கோயில்ல வாசகம் படிக்கிறப்போ தலயக் குனிஞ்சுக்கினு பொஸ்தகத்துக்குள்ளயே படிக்கிற கண்ணு. கூச்சப்படுற, எனக்குத் தெரியுது. இந்த ஞாயித்துக்கெயம கொஞ்சம் தலயத் தூக்கிப் படிக்கிறியா? ஒன் வாயி எனக்குத் தெரியணும்."